நான் அவசரப்பட்டு எழுதிய பெயர்

அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்க மூன்று தரம் வீட்டுக்குள் திரும்பி வருகிற ஆள் நான். காரைப் பூட்டிவிட்டுப் பத்து அடி நடந்த பிறகு திரும்பிப் போய்க் கதவை இழுத்துப் பார்ப்பேன். மகள் யூனிவர்சிற்றியால் வரக் கால் மணித்தியாலம் பிந்தினால், நோபிள் பார்க் ஸ்டேஷனில் அவளுக்கு என்னென்ன நடந்திருக்கும் என்று எனக்குள் ஒரு முழுப்படம் ஓடி முடிந்துவிடும். அவள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நான் அழுது களைத்திருப்பேன். இதை முதலே சொல்லி வைக்கிறேன். போன வருடம் நவம்பரில் நான் செய்த பிழை இந்தக் குணத்தால் வந்தது.

டாண்டினோங் பக்கம் ஒரு பெரிய லோன்றியில், சலவை ஆலையில், எனக்கு வேலை. ஆஸ்பத்திரிகளில் இருந்து படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து தங்கினார்கள், அவர்கள் போவதற்குள் நாங்களே அகதியாகிவிட்டோம். பிறகு படகில் வந்து பல வருடம் தற்காலிக விசாவில் இருந்தவளுக்கு என்ன பெரிய வேலை கிடைக்கும். ஆனால் இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அயனர் என்று ஒரு நீளமான இயந்திரம், அதற்கு முன்னால் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஈரவிரிப்பின் இடது மூலையை ஒருத்தி பிடிக்க, வலது மூலையை மற்றவள் பிடித்து, ஒரே நேரத்தில் கிளிப்பில் மாட்ட வேண்டும். விரிப்பு உருளைக்குள் போய் அடுத்த பக்கம் காய்ந்து மடிந்து வரும். ஒருத்தியின் கை அரைவிநாடி பிந்தினாலும் விரிப்பு கோணலாகப் போய்ச் சுருங்கிக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவளின் மனம் எங்கே நிற்கிறது என்று துணி சொல்லிவிடும்.

ஆறு வருடமாக என் இடது மூலையைப் பிடித்தவள் ஒரு பர்மாத் தமிழ்ப்பிள்ளை. அவளுடைய பூட்டன் காலத்தில் இராமநாதபுரம் பக்கமிருந்து பர்மா நெல்வயலுக்குப் போன குடும்பம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். பிள்ளையாரைக் கும்பிடும் சைவக்காரர். நானோ மன்னார்க் கத்தோலிக்கம். இயந்திரச் சத்தத்துக்குக் காதில் செம்மஞ்சள் அடைப்பு வைத்திருப்போம், அதனால் வேலை நேரத்தில் உதட்டைப் பார்த்தே கதைத்துப் பழகிவிட்டோம். அவளுடைய தமிழும் என்னுடைய தமிழும் வேறு வேறு, ஆனால் உதட்டில் எல்லாம் ஒன்றுதான்.

அவளுக்கு ஒரு தம்பி. அங்கே எலெக்ட்ரிக் வேலை செய்தவன். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வேலைநிறுத்தத்தில் சேர்ந்தான், பிறகு ராணுவத்தை எதிர்த்துக் காட்டில் இருந்த பெடியளுக்கு மருந்து கொண்டுபோனபோது ஒரு சோதனைச் சாவடியில் பிடிபட்டான். சிறைக்குள்ளேயே ஓர் அறையில் வழக்கு நடந்ததாம். மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். வக்கீல் கிடையாது, சாட்சி கிடையாது, வீட்டார் யாரும் உள்ளே போக முடியாது. பத்து நிமிடத்தில் தூக்கு என்று சொல்லிவிட்டார்கள். எப்போது என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். அதற்கு முன் சிலரை அப்படித்தான் வீட்டுக்கு அறிவிக்காமல் தூக்கிலிட்டு உடலையும் கொடுக்காமல் விட்டார்கள். அவர்களின் தாய்மார் வழமைபோல் பார்சலோடு போய் நின்றபோது, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று ஒரு வார்த்தை மட்டும் கிடைத்தது.

ஆகவே அந்தப் பார்சல்தான் எங்களுக்கு எல்லாம். மாதத்தில் ஒரு நாள் அவளுடைய அம்மா சவுக்காரம், கருவாடு, பற்பசை, ஊறவைத்த தேயிலை எல்லாம் பையில் கட்டிக்கொண்டு சிறைக் கதவடியில் நிற்பார். வாங்கினால் ஆள் உயிரோடு இருக்கிறான். அங்கே காலையில் கதவு திறக்கும்போது இங்கே எங்கள் சாப்பாட்டு நேரம். போன் எல்லாம் லொக்கரில் வைக்க வேண்டும் என்பது கொம்பனி விதி. மணி அடித்ததும் அவள் லொக்கருக்கு ஓடுவாள், நான் இரண்டு தேத்தண்ணி போட்டுக்கொண்டு காத்திருப்பேன். தூரத்தில் வரும்போதே "வாங்கிக்கிட்டாங்க" என்று உதடு அசைத்துக் காட்டுவாள். அந்த மாதம் முழுவதும் விரிப்புகள் நேராகப் போகும்.

போன வருடம் ஒக்ரோபர் கடைசியில் ஒரு நாள் அவள் ஓடிவரவில்லை, நடந்து வந்தாள். பார்சலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஆள் இங்கே இல்லை என்றார்களாம். எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பார்சலோடு இன்னொரு பையையும் கொடுத்தார்களாம். அதற்குள் தம்பி பிடிபட்ட அன்று போட்டிருந்த நீலச்சட்டையும் இரண்டு லுங்கியும் இருந்தன.

அவள் அதைப் பயந்த குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் கையிலிருந்து தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மா கேக்குதுக்கா, சட்டையெல்லாம் ஒரே அழுக்கா இருக்காம். தொவைச்சு வைக்கட்டுமான்னு. தம்பி வந்தா போட்டுக்கும்ல."

யோசிக்காமல் என் வாயில் வந்துவிட்டது. "தோய்க்க வேண்டாம் எண்டு சொல்லு, பிள்ளை."

"ஏன்க்கா?"

நான் என் தேத்தண்ணியை வாயில் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆறு வருடமாக என் உதட்டைப் படித்துப் பழகியவள். வாயை மூடி என்ன பயன்?

"உங்க ஊர்ல சட்டைய திருப்பிக் குடுத்தா என்னக்கா அர்த்தம்?"

மணி அடித்தது. எழும்பிப் போனோம். முதல் விரிப்பே கோணலாகப் போனது. என் பக்கத்தால்தான் கோணல்.

என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ராணுவக்காரர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என் அண்ணனும் போனார். அம்மா ஒவ்வொரு நாளும் முகாம் வாசலில் போய் நிற்பார். ஒரு நாள் உள்ளேயிருந்து ஒருவன் வந்து அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த சாறத்தையும் சட்டையையும் கொடுத்தான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. விசாரித்தோம் என்றோ தண்டித்தோம் என்றோ ஒரு கடிதம்கூட இல்லை. அம்மா அந்தச் சட்டையைத் தோய்க்கவே இல்லை. ஒரு பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு இடத்துக்கு இடம் ஓடினோம், எங்கேயோ ஓரிடத்தில் அந்தப் பையும் தவறிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரேயொரு சட்டையின் கதை அது. பர்மாவில் ஒரு சட்டை திரும்பி வந்தபோது அதே கதையின் முடிவை எடுத்து வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் அவள் மேற்பார்வைக்காரியிடம் கேட்டுத் துவாய் மடிக்கும் பகுதிக்கு மாறிப் போய்விட்டாள். என் இடது மூலைக்கு ஒரு வியட்நாம் அன்ரி வந்தார். நல்ல மனிசி, ஆனால் அவர் கை என் கையோடு சேரவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் அவள் என்னிடம் வரவில்லை. முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு தன் காரிலேயே இருந்தாள். நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். போய்ப் பேசத்தான் வேண்டும். ஆனால் போய், இன்னும் பிழையாக ஏதும் வாயில் வந்துவிட்டால்?

வீட்டில் மகளைப் பிடித்து, போனில் பார், ஏதும் செய்தி வந்ததா என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். "நத்திங் அம்மா. பேர் ஒண்டும் வரேல்ல. பிளீஸ், ஸ்ரொப் இமேஜினிங்," என்றாள். கற்பனை செய்யாமல் இருக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நவம்பர் பிறந்தது. எங்கள் கோயிலில் நவம்பர் முழுவதும் இறந்தவர்களுக்கான மாதம். வாசலில் வெள்ளை உறைகளும் தாள்களும் வைத்திருப்பார்கள். எங்கள் மரித்தவர்களின் பெயர்களை எழுதி உறைக்குள் போட்டுப் பீடத்தடியில் இருக்கும் கூடைக்குள் வைத்தால், அந்த மாதப் பூசைகள் எல்லாம் அவர்களுக்காக நடக்கும். ஊரிலும் இதே வழக்கம் இருந்தது. அம்மா எங்கள் பாட்டன் அப்புவின் பெயரை எழுதுவார், அம்மம்மாவின் பெயரை எழுதுவார், அண்ணனின் இடம் வந்ததும் பேனையை மூடிவிடுவார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். அம்மா போன பிறகு நான் எழுதும்போதும் அதே இடத்தில் பேனையை மூடிவிடுவேன். முப்பது வருடத்துக்கு மேல் அண்ணன் அந்தத் தாளில் ஏறியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா என்று எழுதிக்கொண்டு வந்தேன். அண்ணனின் இடத்தில் நின்றேன். பிறகு என்ன நினைத்தேனோ, அதற்குக் கீழே அவளுடைய தம்பியின் பெயரை எழுதிவிட்டேன். சைவக்காரர் இப்படிச் செய்ய மாட்டார்கள், அவனுக்காக ஒருவரும் செபிக்காமல் போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம். உறையை ஒட்டிக் கூடைக்குள் போட்டேன்.

கார் கதவை இரண்டாம் முறை இழுத்துப் பார்க்கும்போதுதான் செய்தது எனக்கு உறைத்தது. என் சொந்த அண்ணனை முப்பது வருடமாகச் சாகவிடாமல் வைத்திருக்கிறேன். இன்னொரு தாயின் பிள்ளையை ஒரு நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டேன். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. அந்த மூன்று அதிகாரிகளுக்காவது பத்து நிமிடம் எடுத்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நேரே கோயிலுக்குப் போனேன். எங்கள் பங்குக் குருவான சுவாமி தூத்துக்குடிப் பக்கத்தவர், என்னைவிட வயது குறைந்தவர். தனியாகப் பீடத்துப் பூச்சாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓர் உறையைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன்.

"எதுக்கும்மா? நல்ல காரியம்தானே பண்ணியிருக்கீங்க."

"ஆள் சாகேல்ல, சுவாமி. செத்திட்டாரோ தெரியேல்ல. நான்தான் எழுதிப்போட்டன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, செத்தவர்களுக்கென்று வேண்டினால் உயிரோடிருப்பவருக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று விளக்கினார். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். "கடவுள் என்ன இமிகிரேஷன் ஆபீஸாம்மா, தப்பான ஃபாரத்த நிரப்பிட்டீங்கன்னு நடவடிக்கை எடுக்க?"

"பிழையா நிரப்பின ஃபோமுக்கு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும், சுவாமி," என்றேன். பதினொரு வருடம் நிரந்தர விசாவுக்குக் காத்திருந்தவள் வேறு என்ன சொல்வாள்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வாங்குப் பலகையில் கொட்டினார். நூற்றுக்கணக்கான உறைகள். வெளியில் பெயர் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. நான் ஒட்டும்போது பயத்தில் மூன்று தரம் நக்கி ஒட்டியதால் என் உறையின் வாய் சுருங்கிப்போயிருந்தது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். சுவாமி கத்தரிக்கோல் கொண்டுவந்து தந்தார். அப்பாவும் அம்மாவும் உள்ள பகுதியைத் திருப்பி உறைக்குள் வைத்தேன். தம்பியின் பெயர் இருந்த கீற்று என் உள்ளங்கையில் கிடந்தது. கிழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

"எங்கிட்ட குடுங்க. நாளைக்கு உயிரோட இருக்கறவங்களுக்கான பூசைல வச்சுக்கறேன்," என்று வாங்கித் தன் செபப்புத்தகத்துக்குள் வைத்தார். பிறகு கேட்டார், "அதே பூசைக்கு உங்க குடும்பத்துல வேற யாராவது உண்டா?"

தாளில் அண்ணனுக்காக விட்ட வெறும் வரியை அவர் பார்த்திருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும் வழியில் இன்னொரு யோசனை வந்து கொஞ்சம் ஆறுதல் தந்தது. பர்மாத் தமிழருக்கு இரண்டு பெயர், காகிதத்தில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப்பெயர். எனக்குத் தெரிந்தது அவனுடைய வீட்டுப் பெயர்தான். அந்தச் சிறைப் பதிவில் அப்படி ஒருவன் இல்லவே இல்லை. நான் எழுதியதை யார் தேடினாலும் அவனைப் பிடிக்க முடியாது. மகளிடம் சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். சொல்லவில்லை.

அதன் பிறகு பதினேழு நாள். நான் எண்ணினேன், அதனால் தெரியும். பதினேழாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் தேத்தண்ணி ஒன்று மட்டும் போட்டுக்கொண்டு திரும்பியபோது, லொக்கர்களுக்கு முன்னால் அவள் நிலத்தில் இருந்தாள். கால்களை நீட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரி.

முடிந்தது என்று நினைத்தேன். தேத்தண்ணியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. பக்கத்தில் போய் நானும் நிலத்தில் இருந்தேன். அவள் போனை என் பக்கம் திருப்பினாள். ஒரு தாளின் படம். வட்டம் வட்டமாகப் பர்மிய எழுத்து, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தம்பி எழுதினதுக்கா," என்றாள். "அதோட கையெழுத்து."

அவளுக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னதை நான் பிறகுதான் சேர்த்து எடுத்தேன். தம்பியை ஆற்றோடு மேல்நோக்கி இரண்டு நாள் பயணத்தில் உள்ள வேறொரு சிறைக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போது சிறை உடுப்போடுதான் ஏற்றுவார்களாம், சொந்த உடுப்பை வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்களாம். சட்டை வந்ததற்கு அர்த்தம் அவ்வளவுதான். இன்னொரு கைதியின் மனைவி மூலம் இடம் தெரிந்து, அம்மா பஸ் ஏறிப் போய்ப் பார்சலைக் கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்டார்கள். அதுமட்டுமில்லை, அந்தச் சிறையில், வீட்டார் பார்சலோடு வைத்த பட்டியலைப் பார்த்து, என்னென்ன கிடைத்தது என்று கைதியே எழுதி வெளியே அனுப்ப விடுவார்களாம். கதவடியில் நின்ற பெண்கள் அம்மாவுக்கு இன்னொன்றும் சொன்னார்களாம்: அந்தச் சிறையில் தூக்குமேடை கிடையாது.

அவள் விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள். "சவுக்காரம் ரெண்டு, வந்துச்சு. பேஸ்ட் ஒண்ணு, வந்துச்சு. கருவாடு பத்துன்னு எழுதியிருக்கீங்க, ஏழுதான் இருக்கு. ஏன் ஒழுங்கா எண்ணி வைக்கிறதில்ல?" அந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. "பாருங்கக்கா, தூக்குல இருந்து தப்பிச்சு வந்து, எங்கம்மாகிட்ட மீன் கணக்கு கேக்குது."

கடைசி வரியை வாசிக்கமுன் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இங்க குளிருது, நீலச்சட்டைய தொவைச்சுக் கொண்டு வாங்கன்னு எழுதியிருக்கு. அக்கா, இப்ப தொவைக்கலாமா?"

"தோய்க்கச் சொல்லு," என்றேன். "ரெண்டு தரம் தோய்க்கச் சொல்லு, பிள்ளை."

இரண்டு பேரும் நிலத்தில் இருந்து அழுவதைக் கண்டு மேற்பார்வைக்காரி ஓடிவந்து, யார் விழுந்தது, கையில் அடியா என்று கேட்டார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில், ஒன்றுமில்லை, தம்பியின் சட்டை அழுக்கு என்றாள். லோன்றியில் இதற்கு ஒருத்தி அழுவதா என்று மேற்பார்வைக்காரி பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பின்னேரம் அவள் கேட்காமலேயே என் இடது மூலைக்கு வந்து நின்றாள். வியட்நாம் அன்ரி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் துவாய்ப் பக்கம் போனார். விரிப்புகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோடு போட்டதுபோல் போயின.

மலையடியில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையாருக்கு அவள் பதினொரு தேங்காய் நேர்ந்திருந்தாள். புருஷனுக்குச் சனிக்கிழமையும் வேலை, அவளுக்கு மலைப்பக்கம் ஓட்டப் பயம் என்று என்னிடம் கேட்டாள். என்னைவிடத் துணிந்தவள் என்று நான் நினைத்திருந்தவள்! காரின் ரயர்களை மூன்று தரம் பார்த்துவிட்டுப் புறப்பட்டேன். இடது பக்க லேனை விட்டு விலகவே இல்லை, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தார்கள். அவள் தேங்காய் உடைக்கும்போது நான் சற்றுத் தள்ளி நின்று என் பாட்டில் ஓர் அருள்நிறைந்த மரியே செபம் சொன்னேன்.

கோயிலுக்கு வெளியே மரத்தடியில் பொங்கல் புக்கை சாப்பிடும்போது உறை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் எனக்கு நித்திரை வராது. கூடை, கத்தரிக்கோல், இமிகிரேஷன் எல்லாம் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முகம் ஒருகணம் கறுத்தது. என்னோடு இனிப் பேசமாட்டாள் என்றே நினைத்தேன்.

"நீங்க எழுதின அன்னிக்குத்தான் அம்மாவுக்கு இடம் தெரிஞ்சுச்சு," என்றாள் கடைசியில். "செத்துட்டான்னு எழுதினா ஆயுசு கெட்டின்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. அக்கா, தயவுசெஞ்சு எங்க மாமியார் பேர மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க."

நான் சிரித்த சிரிப்பில் புக்கை மூக்கில் ஏறிவிட்டது.

தண்டனை ரத்தானதா என்று யாருக்கும் தெரியாது. தாளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, கேட்கவும் இடமில்லை. அந்தப் பயம் எங்களோடுதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரு தாள் வருகிறது. கருவாட்டுக்கு நான் ஒரு வழி சொன்னேன். காவல்காரன் எப்படியும் மூன்றை எடுப்பான், ஆகவே பத்தை வைத்து ஏழு என்று எழுதச் சொல்லு, அப்போது தம்பிக்கும் கணக்குச் சரியாக வரும், உன் அம்மாவுக்கும் ஏச்சு விழாது என்றேன். அம்மா அப்படியே செய்தார். காவல்காரனும் அந்தப் பட்டியலை வாசிப்பான் என்று நான் யோசிக்கவில்லை.

போன மாதத் தாளை நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினாள். நீலச்சட்டை வந்தது, நன்றாக வெளுத்திருக்கிறது, ஆனால் ஒரு பொத்தான் இல்லை. கருவாடு ஏழு என்று எழுதியிருக்கிறீர்கள், நாலுதான் வந்தது.